25 வருஷம் பெட்டியில் கிடந்த இசை

தருமபுரி,
ஆடி 5

அன்புள்ள மாப்ளே,

நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் பேசினால் உடம்பு, விலைவாசி, பிள்ளைகள் வேலை என்று மூணு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. நான் சொல்ல வந்த விஷயம் அதில் அடங்காது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஆடி பிறந்ததிலிருந்து நம் மைக்செட் ஒரு ராத்திரிகூட வீடு தங்கவில்லை. பாலக்கோடு, பென்னாகரம், காரிமங்கலம் என்று மாரியம்மன் பண்டிகைகளுக்குப் பையன்தான் அலைகிறான். என்னை யாரும் விடுவதில்லை. சித்திரையில் பிரஷர் ஏறித் தலை சுற்றி விழுந்தேன் என்று சொன்னேன் இல்லையா, அப்போதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வெயிலும் ஆகாது, பெரிய சத்தமும் ஆகாது. நாற்பது வருஷம் ஸ்பீக்கர் பெட்டி பக்கத்திலேயே நின்ற மனுசனுக்குச் சத்தம் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். முதல் வாரம் தூக்கமே வரவில்லை.

அப்போதுதான் ஓசூரில் வேலை பார்க்கும் சின்னவள் வந்தாள். "அப்பா, இதுல யாருக்குமே அவசரம் கிடையாது, கேளுங்க" என்று ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி மொட்டை மாடியில் அதைத்தான் கேட்கிறேன்.

ஆல்பத்தின் பெயர் '1995'. ஆஸ்திரியாவில் வியன்னாவைச் சேர்ந்த பீட்டர் க்ரூடரும் ரிச்சர்ட் டோர்ஃப்மைஸ்டரும் செய்தது. முப்பது வருஷத்துக்கு மேல் இதே தொழிலில் இருக்கும் கைகள். 1993இல் நாலே பாட்டோடு முதல் இசைத்தட்டைப் போட்டிருக்கிறார்கள். அதன் அட்டையில் சைமன், கார்ஃபங்கல் என்ற அமெரிக்கப் பாடகர் ஜோடியின் பழைய தட்டு அட்டையைப் போலவே கருப்பு வெள்ளையில் இரண்டு பேரும் இருப்பார்கள். நாமும் அந்த வயதில் ஸ்டூடியோவில் அப்படி ஒரு படம் பிடித்துக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா?

இந்த வகைக்கு டவுன்டெம்போ என்று பெயராம், சில்அவுட் என்றும் சொல்கிறார்கள். பெரும்பாலும் நிமிஷத்துக்கு 80லிருந்து 100 அடி வாக்கில்தான் தாளம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனுசனின் நாடியே 60லிருந்து 100க்குள் துடிப்பதுதானே. முதல் பாட்டு 'ஜான்சன்' ஓடும்போது மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன் மாப்ளே. நாடியும் டிரம்மும் கொஞ்ச நேரம் ஒன்றாக நடந்தன, அப்புறம் டிரம் ஒரு நூலிழை பின்தங்கியது. அந்தப் பின்தங்கலில்தான் உயிர் இருக்கிறது. பேஸ் கீழே தரையோடு தரையாக ஊர்ந்துகொண்டே இருக்கிறது. பாடுகிறவர் யாரும் முன்னால் வந்து நிற்பதில்லை. பின்னணியில் பழைய இசைத்தட்டின் தூசிச் சத்தம் மாதிரி ஒரு கரகரப்பு. நம் ஆட்கள் கேட்டால் ஸ்பீக்கர் கோன் கிழிந்துவிட்டது என்பார்கள்.

எனக்கு ஒன்று விளங்கியது, உனக்கு அது உடனே பிடிபடும். நம் கச்சேரிக் குழுவில் இருந்த டேப் எக்கோவை, சத்தத்தை டேப்பில் பதிந்து உடனே எதிரொலியாகத் திருப்பித் தருமே அந்தப் பெட்டியை, நினைத்துப் பார். டேப் நொடிக்கு 19 செ.மீ. ஓடுகிறது, பதியும் ஹெட்டுக்கும் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே 4 செ.மீ. என்றால், சத்தம் ஐந்தில் ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். குத்துப்பாட்டுக்கு எக்கோவைக் கூட்டினால் நீ என்னை மேடையிலிருந்தே முறைப்பாய். அடுத்த அடி அதற்குள் வந்து விழுந்து எல்லாம் குழம்பிப்போகும். நிமிஷத்துக்கு 90 அடி என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே முக்கால் நொடிக்குக் கொஞ்சம் குறைவாக இடம் கிடக்கிறது. ஒரு மணியைத் தட்டினால் அது திரும்பி வரும், இன்னொரு முறை மெலிந்து வரும், கரையும். இவர்கள் வாசித்ததில் பாதியை அந்த எக்கோதான் வாசிக்கிறது. மெதுவான பாட்டு தூக்கத்துக்கு என்றுதான் இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இடம் விட்டு வைப்பதற்காகத்தான் மெதுவாகப் போகிறார்கள்.

இந்த வித்தைக்கு மூலம் ஜமைக்காவில் இருக்கிறது. கிங்ஸ்டன் ஊரில் கிங் டப்பி என்று ஒருவர். ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ரிப்பேர் பார்த்தவர், சொந்தமாக மைக்செட்டும் வைத்திருந்தவர், அசல் நம் ஜாதி! பதிவான பாட்டில் பாடகரை எடுத்துவிட்டு, பேஸையும் டிரம்மையும் முன்னால் கொண்டுவந்து, திடீரென்று ஒரு சொல்லை மட்டும் எக்கோவில் விட்டு மிதக்க வைப்பார். டப் என்று அதற்குப் பெயர். 1989இல் காலமாகிவிட்டார். மிக்ஸர் முன்னால் நிற்கிறவனும் வாசிக்கிறவன்தான் என்று உலகத்துக்குக் காட்டியவர் அவர். இதை எனக்கு இருபது வயதில் யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நான் எழுத வந்ததே இனிமேல்தான். இந்த ஆல்பத்தின் பெயர்தான் '1995'. வெளிவந்ததோ 2020 நவம்பரில். வாலிபத்தில் செய்துவிட்டு, சோதனைக்காகக் கைவிரலில் எண்ணுகிற அளவு தட்டு போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே வைத்துவிட்டார்கள். ஊர் ஊராக நிகழ்ச்சி, அடுத்தவர் பாட்டுகளை மாற்றி அமைத்துத் தரும் வேலை என்று ஓட்டம் வந்துவிட்டது. அப்படி மாற்றி அமைத்தவற்றை 1998இல் இரண்டு தட்டாகப் போட்டு, அதில்தான் உலகப் புகழே கிடைத்தது. சொந்த ஆல்பத்தின் டாட் டேப்புகள் ஒரு பெட்டியில் கிடந்தன. டாட் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். சோனி 1987இல் கொண்டுவந்த டிஜிட்டல் டேப், நம் கேசட்டைவிடச் சின்னது, உள்ளே வி.சி.ஆர். மாதிரி ஹெட் சுழலும். அந்தப் பெட்டி கையில் கிடைத்த பிறகுதான் இது வெளியே வந்தது.

1998 ஆல்பத்தையும் கேட்டேன். வேலைப்பாட்டில் அதுதான் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் என் மனசு இதில்தான் நிற்கிறது. நடுவில் இரண்டொரு பாட்டு போன இடத்திலேயே சுற்றுகின்றன, அதுவும் தெரிகிறது. பரவாயில்லை. யாருக்காகவும் இல்லாமல் இரண்டு சிநேகிதர்கள் ஒரு ரூமில் உட்கார்ந்து செய்தது என்று ஒவ்வொரு பாட்டிலும் கேட்கிறது.

போன ஞாயிறு நம் தகரப் பெட்டியை இறக்கினேன். பஜனைப் பாட்டுக் கேசட்டுகளுக்கு அடியில் ஒரு டி.டி.கே. 60 கேசட். மேலே உன் கையெழுத்தில் ஒரே வார்த்தை: 'சும்மா'. காரிமங்கலத்தில் கச்சேரி முடிந்து, வேன் பழுதாகி, விடியும்வரை பந்தலிலேயே இருந்தோமே, அந்த ராத்திரி. நீ கேசியோ கீபோர்டில் எந்தப் பாட்டும் இல்லாமல் இரண்டு கட்டையை மட்டும் மாற்றி மாற்றி அமுக்கிக்கொண்டிருந்தாய். நான் எக்கோவின் குமிழைத் திருகிக்கொண்டிருந்தேன்.

டேப் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை. உள்ளே பஞ்சு ஒட்டிய சின்னத் தகடு கழன்று விழுந்திருந்தது. ஐந்து திருகாணியையும் கழற்றி, பஜனைக் கேசட்டிலிருந்து தகட்டை எடுத்து மாட்டி, டேப்பைப் பென்சிலால் சுற்றிக்கொண்டே ஸ்பிரிட் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தேன். ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது. டெக்கில் பெல்ட் தளர்ந்துபோயிருந்தது. பையனை பெங்களூர் எஸ்.பி. ரோடு அனுப்பிப் புது பெல்ட் வாங்கி வரச் சொல்லி மாட்டினேன்.

பாடியது மாப்ளே. முதலில் வெறும் இரைச்சல், அப்புறம் உன் இரண்டு கட்டை. நடுவில் ஒரு நாய் குரைக்கிறது, நான் எக்கோவைக் கூட்ட, அந்த நாய் நாலு நாயாகிக் கரைகிறது. தூரத்தில் ஹைவேயில் ஒரு லாரி கியர் மாற்றிப் போகிறது. நீ இருமுகிறாய். அந்த இருமலைக் கேட்டதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சின்னவள் முழுசாகக் கேட்டுவிட்டு, "யாருப்பா வாசிச்சது, எந்த நாட்டுக்காரங்க?" என்றாள்.

ஏ சைடோடு நிறுத்திவிட்டேன். பி சைடில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் இல்லை, உனக்கு இருக்கலாம். ஆடிப் பதினெட்டு முடியட்டும், அதுவரை ஒகேனக்கல் கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. அதற்கு அடுத்த வாரம் கிளம்பி வா. சேலத்தில் மாறினால் தொப்பூர் கணவாய் ஏறி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். களி கிண்டச் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேசியோ உன்னிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அடாப்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே செய்துகொள்ளலாம். கீபோர்டை மட்டும் துணியில் சுற்றி எடுத்து வா.

உன்
மச்சான்