குடல் பரிசோதனைக் குறிப்பைத் தமிழில் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணனுக்குச் சென்ற ஆண்டு, அவருடைய 57ஆம் வயதில், பெருங்குடலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. மலத்தோடு இரத்தம் போனதை மூலம் என்றே நினைத்துக்கொண்டு, சுவர் விளம்பரங்களில் கண்ட சிகிச்சை நிலையங்களிலும் கைவைத்தியத்திலும் அவர் இரண்டு ஆண்டுகளைக் கழித்திருந்தார். அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது தேறி வருகிறார். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும் என்றும், 40 வயது அல்லது அண்ணனுக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, இவற்றில் எது முந்தி வருகிறதோ அப்போதே அதைத் தொடங்க வேண்டும் என்றும் அவருடைய மருத்துவர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு வயது 54. அந்தக் கணக்கின்படி பதினான்கு ஆண்டு தாமதமாக, சென்ற மாதம் ஒரு தனியார் மருத்துவமனையில் நானும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டேன்.

பரிசோதனையைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. அதற்கு முந்தின நாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தேதி குறித்த அன்று என் கையில் கொடுக்கப்பட்டது, ஆங்கிலத்தில் அரைப் பக்கம் அச்சடித்த ஒரு தாள். ‘லோ ரெசிட்யூ டயட்’ (நார் குறைந்த உணவு) என்றும் ‘கிளியர் லிக்விட்ஸ்’ (தெளிந்த நீர்) என்றும் போட்டு, உதாரணத்துக்கு டோஸ்ட், ஜெல்லி, பிராத் என்று எழுதியிருந்தது. நான் கணித ஆசிரியர். ஆங்கிலம் படிக்கத் தெரியும். ஆனாலும் ரசம் இதில் சேருமா, மோர் சேருமா, இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொள்ளலாமா என்று எனக்கும் தெரியவில்லை. என் மனைவி மூன்று முறை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, ஒவ்வொன்றாகக் கேட்டுக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

அவர் குறித்ததன் சாரம் இதுதான். மூன்று நாள் முன்பிருந்தே கீரை, முருங்கைக்காய், தக்காளி, சுண்டல், சிறுதானியம், விதையுள்ள பழங்கள் ஆகியவற்றை நிறுத்திவிட வேண்டும். இட்லி, குழைந்த வெள்ளைச் சோறு, தயிர் போதும். சத்தென்று நாம் நினைப்பதெல்லாம் இந்த மூன்று நாளைக்கு ஆகாதவை, ஏனென்றால் நார் குடலில் தங்கும், கொய்யா விதை போன்றவை கருவியின் உறிஞ்சு குழாயையே அடைத்துவிடும். முந்தின நாள் காலையில் இரண்டு இட்லியைச் சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டதோடு திட உணவு முடிந்தது. அதன்பிறகு இளநீர், வடிகட்டிய ரசம், பால் கலக்காத தேநீர் ஆகியவை மட்டுமே. பாலும் மோரும் தெளிந்த நீர் ஆகாது. பீட்ரூட், மாதுளை, சிவப்புச் சர்பத் எதுவும் கூடாது; குடலுக்குள் அந்த நிறம் இரத்தம் போலத் தோன்றுமாம். இரும்புச்சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். இரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்களும் தாங்களாக எதையும் நிறுத்தவோ தொடரவோ கூடாது; மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். பட்டினி கிடக்கும் நாளில் வழக்கமான அளவு இன்சுலினைப் போட்டுக்கொண்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும் என்பதை அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு பேதி மருந்து. பாலிஎத்திலீன் கிளைகாலோடு உப்புகளும் கலந்த தூள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். சிறு வயதில் பள்ளி விடுமுறையில் பாட்டி மூக்கைப் பிடித்து ஊற்றிய விளக்கெண்ணெயைவிட இது மேல் என்றாலும், சுவை அப்படியொன்றும் வாய்க்கு ஏற்றதல்ல. மாலை ஆறு மணிக்கு ஒரு லிட்டர், மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு இன்னொரு லிட்டர், கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கச் சொன்னார்கள். சீக்கிரம் முடித்துவிடலாம் என்று முதல் இரண்டு டம்ளரை அடுத்தடுத்துக் குடித்தேன், உடனே வாந்தி வந்துவிட்டது. அதன்பின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு டம்ளருக்குப் பிறகும் எலுமிச்சைத் துண்டை முகர்ந்துகொண்டு குடித்ததில் இறங்கியது. ஒரு மணி நேரத்தில் வேலை தொடங்கியது; அன்றிரவு கழிவறைக் கதவுக்கு அருகிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மருந்தும் முடிந்தபோது, வெளியேறியது வெறும் மஞ்சள் தண்ணீராக, அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிந்திருந்தது. குடல் சுத்தமாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று செவிலியர் பின்னர் சொன்னார். அதை முன்கூட்டியே சொல்லியிருந்தால், இரவு முழுவதும் ‘இன்னும் எத்தனை முறை’ என்று தவித்திருக்க மாட்டேன்.

மருத்துவமனையில் நடந்தது சொற்பம். இடப்பக்கமாகச் சாய்ந்து முழங்காலை மடக்கிப் படுக்கச் சொல்லி, கையில் ஊசி வழியே மயக்க மருந்தைச் செலுத்தினார்கள். அடுத்து எனக்கு நினைவிருப்பது, பக்கத்து அறையில் கண் விழித்ததுதான். சுண்டுவிரல் பருமனுள்ள வளையும் குழாயொன்று, முனையில் கேமராவோடு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடலைச் சுற்றி வந்திருக்கிறது. எனக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குடலை விரிக்கக் காற்றைச் செலுத்துவதால் வயிறு உப்பி, சிறிது நேரம் காற்றுப் பிரிந்துகொண்டே இருந்தது. வெட்கப்பட அங்கே யாருக்கும் நேரமில்லை. ஐந்து மில்லிமீட்டரில் ஒரு பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சிறு சதை) இருந்ததைக் கம்பிச் சுருக்கால் வெட்டி எடுத்திருந்தார்கள். குடலின் உட்சவ்வுக்கு வெட்டுவலி தெரியாதாம். இத்தகைய சதை வளர்ச்சிகளில் சில, பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறக்கூடியவை என்பதால், கண்ட இடத்திலேயே அகற்றிவிடுவதுதான் இந்தப் பரிசோதனையின் பெரிய பயன். வெட்டியெடுத்த சதையைச் சோதித்துப் பார்த்த பயாப்ஸியில் புற்று இல்லை என்று வந்தது. ஐந்து ஆண்டு கழித்து மீண்டும் வரச் சொல்லியிருக்கிறார்கள். குடலில் துளை விழும் ஆபத்து உண்டு என்றாலும், அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு; கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கட்டியாக இரத்தம் என்று ஏதாவது தெரிந்தால் உடனே திரும்பி வர வேண்டும். துணைக்கு ஓர் ஆள் கட்டாயம் வேண்டும். அன்று முழுவதும் வண்டி ஓட்டக் கூடாது.

எனக்கு முந்திய முறை ஒரு மூதாட்டியுடையது. மகளோடு வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வந்திருந்தார். பத்து நிமிடத்தில் அவரை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்; குடல் சுத்தமாக இல்லாததால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. “நேத்து என்ன சாப்பிட்டீங்க பாட்டி?” என்று செவிலியர் கேட்க, “வயிறு லேசா இருக்கட்டும்னு கீரை கடைஞ்சு கொஞ்சம் சோறு தின்னேம்மா” என்றார் அவர். மருந்திலும் பாதியைத்தான் குடித்திருந்தார். வயிற்றுப்போக்கு தொடங்கியதும் போதும் என்று நிறுத்திவிட்டாராம். மகள் தன் பையிலிருந்து எடுத்துக் காட்டிய தாள், எனக்குக் கொடுத்த அதே ஆங்கிலத் தாள். நான்காக மடித்த மடிப்புக்கூடக் கலையவில்லை. இன்னொரு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்கள் மறுபடியும் வர வேண்டும், மறுபடியும் இரண்டு லிட்டரைக் குடிக்க வேண்டும். அந்த மூதாட்டி இனி வருவாரா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

இலட்சக்கணக்கில் விலையுள்ள கருவியும் கைதேர்ந்த மருத்துவரும் இருந்தும், ஒரு தாள் சரியில்லாததால் பரிசோதனை வீணாகிறது. ஆகவே தனியார், அரசு என்ற வேறுபாடில்லாமல் இந்தப் பரிசோதனையைச் செய்யும் எல்லா மருத்துவமனைகளும், பெரிய எழுத்தில், தமிழில், நம் அடுப்படிப் பெயர்களோடு ஒரு பக்கக் குறிப்பை அச்சிட்டுக் கொடுக்க வேண்டும் என்றும், படிக்கத் தெரியாதவர்களுக்கு முந்தின நாள் ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல வேண்டும் என்றும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். அதில் என்னென்ன எழுதுவது என்ற ஐயம் எந்த மருத்துவமனைக்காவது இருக்குமானால், என் மனைவி கேள்வியும் பதிலுமாக எழுதிவைத்த காலண்டர் தாளை நகலெடுத்து அனுப்ப அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்