போஞ்சிக்கு உறவுகள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

போன வாரம் வெள்ளவத்தையில் வாங்கிய போஞ்சியில் பாதி விரல் நீளம்கூட இல்லை. உள்ளே விதை பிடிக்காமல் சுருண்டு கிடந்தது. இரவு வெப்பம் கூடினால் போஞ்சியின் மகரந்தம் கெட்டு, பூ உதிர்ந்துவிடும். வெலிமடைப் பக்கம் குளிரை நம்பித்தான் போஞ்சி போடுகிறார்கள். அந்தக் குளிர் குறைந்தால்?

வடமெக்சிக்கோப் பக்கத்துப் பாலைநிலங்களில் டெப்பாரி என்றொரு அவரை இருக்கிறது. போஞ்சிக்குச் சொந்தக்காரச் செடி, கடும் வெயிலிலும் காய்க்கும். இரண்டையும் இனக்கலப்புச் செய்தால் விதைக்குள் உருவாகும் கரு பெரும்பாலும் மடிந்துவிடும் என்பதால், அதை வெளியே எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்க்க வேண்டும். கொலம்பியாவின் காலி நகருக்கு அருகிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிலையத்தினர் பொறுமையாக இதைச் செய்து, வெப்பம் தாங்கும் போஞ்சிகளை உருவாக்கியிருக்கிறார்கள். 2014இல் போஞ்சியின் முழு மரபணுத்தொகுதியும் வெளியானது. இப்போது நாற்றின் இலைத்துண்டிலுள்ள மரபணுவைப் பார்த்தே நல்ல கன்றைத் தேடலாம்.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? நரிப்பயறு போன்ற காட்டுப் பயறுகள் நம் வரண்ட வலயத்தில் தானாக முளைக்கின்றன. அவற்றைக் களை என்று தள்ளிவிடக் கூடாது. பாசிப்பயற்றில் வண்டை எதிர்க்கும் குணம்கூட மடகஸ்காரில் கிடைத்த ஒரு காட்டுப் பயற்றிலிருந்து வந்ததுதான். அம்மா வேப்பிலை போட்டு மூடிவைத்த பயறே டின்னுக்குள் மாவாகிப்போனதைப் பார்த்தவன் நான். அந்தக் குணத்தின் அருமை எனக்குத் தெரியும்.

கன்னொறுவையில் தாவர மரபணு வள நிலையம் இருக்கிறது. வீதியும் வீடும் வந்து மூடுமுன் இந்தக் காட்டு விதைகளைத் தேடிச் சேர்க்கவும், நம் பயிரோடு கலந்து பார்க்கவும் வருகிற வரவு செலவுத் திட்டத்தில் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு