எதிரியின் முத்திரையோடு போன மாவு

தோ பாயோ, சிங்கப்பூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள நூர்ஜஹான்,

நான்கு மாதமாக ஒரு வரிகூட எழுதாத என்மேல் நீ கோபமாகத்தான் இருப்பாய். உன் பேரனின் நிக்காவுக்கு வராத குற்றத்துக்கு ஈப்போவுக்கே வந்து திட்டு வாங்கிக்கொள்கிறேன். முழங்கால் தேவலை, இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இன்று எழுதவைத்தவர் உன் அண்ணன்.

போன வாரம் தெக்காவுக்கு வந்த ஷாஜஹான் அண்ணன் வீட்டுக்கும் வந்தார். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை நிறுத்தியதும், அடுத்த மாதக் கடைசியில் சிங்கப்பூருக்கு விலக்கு அளித்ததும் பேச்சில் வந்தன. ஒரு நாட்டின் சோற்றுப்பானை இன்னொரு நாட்டு அதிகாரியின் கையெழுத்தில் தொங்குகிறது என்று அவர் வருத்தப்பட்டார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், நூலகத்தில் அண்மையில் படித்து வியந்த பழைய கதையொன்றைச் சொன்னேன். அதைக் கேட்டு அவர் மேசையைத் தட்டிய தட்டில் தேநீர் சிந்தியதுதான் மிச்சம்.

கதை இதுதான். 1812 ஜூன் 18 அன்று அமெரிக்கா பிரிட்டன்மீது போர் தொடுக்கிறது. அதே வேளையில் வெலிங்டனின் பிரிட்டிஷ் படை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நெப்போலியனின் படைகளோடு மோதிக்கொண்டிருக்கிறது. ஜூலை 22 அன்று சலமான்காவில் பெருவெற்றியும் பெறுகிறது. ஆனால் அமைதிக் காலத்திலேயே போர்ச்சுகலின் விளைச்சல் அந்நாட்டுக்குப் போதாது. படைவீரன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் பிஸ்கோத்து அல்லது ஒன்றரை ராத்தல் ரொட்டியும் ஒரு ராத்தல் இறைச்சியும் படி அளந்தாக வேண்டும். பிரெஞ்சுப் படை போகிற ஊரைச் சுரண்டித் தின்னும் பழக்கமுடையது. அதனால்தான் லிஸ்பனுக்கு வெளியே டோரஸ் வெட்ராஸ் அரண்களின் முன் பட்டினி கிடந்து, 1811 மார்ச்சில் பிரெஞ்சுத் தளபதி மசேனா பின்வாங்க நேர்ந்தது. வெலிங்டனோ கடலை நம்பினார். கப்பலில் வந்த மாவு லிஸ்பனில் இறங்கி, படகேறி, பிறகு கோவேறு கழுதைகளின் முதுகில் மலையேறியது. அந்த மாவில் பெரும்பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவிலிருந்து!

போர் மூண்டதும் இது நின்றிருக்க வேண்டுமல்லவா? நிற்கவில்லை. எதிரி நாட்டோடு வணிகம் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் ஜூலை 6 அன்று சட்டம் போட்டது உண்மை. ஆனால் போர்ச்சுகலும் ஸ்பெயினும் அமெரிக்காவுக்கு எதிரிகள் அல்லவே! கப்பல் போவது லிஸ்பனுக்கு. மாவு யார் வயிற்றுக்குப் போகிறது என்பது சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது. வழியில் கப்பலைப் பிடிக்கக்கூடியது பிரிட்டிஷ் கடற்படைதான். அதற்கும் வழி பிறந்தது: இன்றைய கனடாவின் ஹாலிஃபாக்ஸில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி சாயர், ஆகஸ்ட் 5 அன்று, பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் தூதரகர் ஆலனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆயுதம் இல்லாமல், மாவு முதலிய உலர் உணவை மட்டும் ஏற்றி, மெய்யாகவே ஸ்பானிய, போர்ச்சுகீசியத் துறைமுகங்களுக்குப் போகும் அமெரிக்கக் கப்பல், இந்தக் கடிதத்தின் சான்றிட்ட நகலைத் தூதரக முத்திரையோடு வைத்திருந்தால், என் கப்பல்கள் அதைத் தொடமாட்டா என்பது அதன் சாரம். முப்பது ஆண்டு பில் ஆஃப் லேடிங் என்னும் கப்பல் சரக்குச் சீட்டுகளைத் தட்டச்சு செய்த எனக்கு அந்த வாசகத்தைப் படித்தபோது மெய்சிலிர்த்தது. நம் அலுவலக மும்மடியார் இருந்திருந்தால் அதற்கும் மூன்று நகல் கேட்டிருப்பார்!

பிறகு நடந்ததை நீயே ஊகிப்பாய். அந்தக் கடித நகல் என்னும் உரிமமே சரக்காகிவிட்டது, துறைமுகங்களில் அதை விலைபேசி விற்றார்கள், போலியும் புழங்கியது. 1812, 1813 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 9 லட்சம் பீப்பாய்க்கு மேல் அமெரிக்க மாவு ஸ்பெயினும் போர்ச்சுகலும் அடங்கிய அந்தத் தீபகற்பத்துக்குப் போயிற்று. பீப்பாய்க்கு 196 ராத்தல் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். ஏறத்தாழ 80,000 டன் வருகிறது. படை மட்டுமன்றி லிஸ்பன், காடிஸ் நகரத்து மக்களும் அதைத்தான் உண்டார்கள்.

"எதிரிக்குச் சோறு போட்டவன் துரோகி" என்பது அண்ணனின் தீர்ப்பு. அவர் கட்சியில் அக்கால அமெரிக்க நீதிபதி ஸ்டோரியும் இருக்கிறார். பால்டிமோரிலிருந்து லிஸ்பனுக்கு மாவும் சோளமும் கொண்டுபோன ஜூலியா என்னும் கப்பலை 1812 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் சொந்தப் போர்க்கப்பலான செசபீக் பிடித்தது. எதிரியின் நோக்கத்துக்குத் துணைபோகும்படி அவன் உரிமத்தோடு பயணம் செய்வதே குற்றம், கப்பலும் சரக்கும் பறிமுதல் என்றார் ஸ்டோரி. 1814-இல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. அதற்கு முன்பே, 1813 ஆகஸ்ட் 2 அன்று, காங்கிரஸ் இத்தகைய உரிமங்களைத் தடைசெய்துவிட்டது.

என் கட்சியில் இருப்பவரும் சாதாரணமானவர் அல்லர்: அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜெஃபர்சன். அந்தப் படையைப் பட்டினி போட்டு ஸ்பெயினிலிருந்து கிளப்பினால் அது நேரே நம்மிடம்தான் வரும். இங்கே இலவசமாகச் சோறும் போட்டு அதனோடு சண்டையும் போடுவதைவிட, அங்கேயே காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவது மேல் என்று 1813 ஜனவரியில் ஒரு கடிதத்தில் எழுதினார். இதைச் சொன்னதும் அண்ணன், "உங்கள் ஜெஃபர்சனும் அரிசி வியாபாரிதான்" என்றார். கோதுமை விளைவித்த பண்ணைக்காரர் என்று நான் திருத்தினேன். அது அவர் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது என்பது அவர் பேருந்து ஏறிப் போன பிறகுதான் உறைத்தது.

விளையாட்டாகத் தொடங்கிய வழக்கு அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை, நூர். 1990 இறுதியில் வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு நாம் அரிசி அனுப்பினோமே, நினைவிருக்கிறதா? நீ அடுத்த மேசையில் இருந்தாய். பெறுபவர் பெயருக்கான கட்டத்தில் யார் பெயரும் இல்லாமல் 'ஆர்டர்' என்று மட்டும் அடிக்கச் சொன்னார்கள். மூட்டைக் கணக்கைப் பார்த்தபோதே அது எந்தக் கடைக்கும் போகிற அளவு அல்ல என்று எனக்குத் தெரிந்தது. போர்க் காப்புறுதிக் கட்டணத்தையும் நானே கூட்டிப் போட்டேன். அது எந்தப் படைக்கு, அல்லது படைக்கே அல்லாமல் பசித்த ஊர் எதற்காவதா என்று நான் யாரையும் கேட்கவில்லை. காகிதம் சரியாக இருந்தது, கிட்டங்கியிலிருந்து சரக்கு போயிற்று, மாதக் கடைசியில் சம்பளம் வந்தது. இத்தனை ஆண்டுகளில் இவரிடம்கூட இதைச் சொன்னதில்லை. ஸ்டோரியின் முன் நின்றிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? கடிதத்தின் நகலுக்கு முத்திரை வைத்துக் கொடுத்த அந்தப் பாஸ்டன் தூதரகத்து எழுத்தர் எவரோ, அவர் முகத்தைத்தான் கற்பனை செய்துகொண்டு படுத்திருந்தேன்.

அந்தக் கோப்பின் இளஞ்சிவப்பு நகலைப் பெட்டியில் அடுக்கியவள் நீ. அதில் துறைமுகத்தின் பெயருக்குக் கீழே பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததாக எனக்கு மங்கலாக ஒரு நினைவு. உனக்கு நினைவிருந்தால் எழுது. தொலைபேசியில் வேண்டாம், அண்ணன் பக்கத்தில் இருப்பார்.

அன்புடன்,
பத்மா