ஒரு கண்ணுக்கு வெள்ளை, ஒரு கண்ணுக்கு மஞ்சள்

அன்புள்ள கல்யாணி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். குனியாதே, கனம் தூக்காதே, கண்ணைக் கசக்காதே, டிவி முன்னால் உட்காராதே என்று வீட்டில் ஏகப்பட்ட கட்டளைகள். கடைசி ஒன்றைத் தவிர மற்றவற்றை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை கேள். இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தால் பளிச்சென்று சுண்ணாம்பு வெள்ளை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அதே சுவர் பழைய கடிதத்தாள் மாதிரி மஞ்சள். இத்தனை வருஷமாக அந்த மஞ்சளைத்தான் வெள்ளை என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். யாராவது வந்து இல்லையென்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அறுபது முடிவதற்கு சத்யஜித் ரேயின் அபு படங்கள் மூன்றையும் ப்ளூ-ரே பெட்டியாக வாங்கித் தருகிறேன் என்கிறான் உன் பிள்ளை. 'டிவிடி அலமாரியில் கிடக்கிறது, ஓடிடியிலும் எப்போதாவது வரும், எதற்கு இன்னொரு தடவை?' என்பது உன் கேள்வி. கூடவே இன்னும் ஐந்து படங்களின் பட்டியல் வேறு.

அபு பெட்டியை யோசிக்காமல் வாங்கிக்கொள். உன்னிடம் இருக்கும் டிவிடியை நாம் சேர்ந்துதானே பார்த்தோம்? 'பதேர் பாஞ்சாலி'யில் அபுவின் அக்கா துர்கா மழையில் ஆடும் இடத்தில், வானத்திலிருந்து பெய்வது எது, பிரிண்டில் பெய்வது எது என்று நீதான் கேட்டாய். அதற்கு என்ன பதில் கிடைத்திருக்கிறது பார். 1993-ல் லண்டனில் ஒரு ஃபிலிம் லேபில் தீப்பிடித்தபோது மூன்று படங்களின் மூல நெகட்டிவ்களும் உள்ளே இருந்தன. கருகியும் உருகியும் போன மிச்சத்தைக் குப்பையில் கொட்டாமல், அமெரிக்காவில் ஆஸ்கார் அகாடமியின் காப்பகத்தில் யாரோ புண்ணியவான்கள் பூட்டி வைத்தார்கள். இருபது வருஷம் கழித்து, பழைய படங்களை டிஸ்க்காக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனம் அதைத் தேடி எடுத்து, இத்தாலியில் போலோன்யா நகரத்து மீட்புக் கூடத்துக்கு அனுப்பியது. காய்ந்து நொறுங்கும் ஃபிலிமுக்கு முதலில் ஈரப்பதம் ஏற்றினார்கள். உருகி ஒட்டியிருந்த டேப்பையும் பசையையும் மெழுகையும் எடுத்தார்கள். ஓரத்துத் துளைகளைக் கையாலேயே கட்டி எழுப்பினார்கள். கைவேலை மட்டும் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம்.

அதில் 'பதேர் பாஞ்சாலி' 40 சதவீதமும் 'அபராஜிதோ' 60 சதவீதத்துக்கு மேலும் அந்தக் கருகிய நெகட்டிவிலிருந்தே வந்தன. 'அபுர் சன்சார்' முழுவதும், மற்ற இரண்டின் மிச்சமும், வேறு காப்பகங்களில் இருந்த நல்ல பிரதிகளிலிருந்து வந்தவை. 2015-ல் இது வெளியானது. உன் பழைய டிவிடி இதற்கு முந்தியது. அந்தப் படத்தை நீ இதுவரை ஜன்னல் கண்ணாடியில் படிந்த தூசி வழியாகத்தான் பார்த்திருக்கிறாய்.

இதை வைத்து, புதுப் பெட்டி எது வந்தாலும் வாங்கலாம் என்று மட்டும் எண்ணிவிடாதே. நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு பழைய நாட்டியப் படம், பெயர் வேண்டாம். அதைக் கேசட்டாக ஒரு தடவை, டிவிடியாக ஒரு தடவை வாங்கினேன். பிறகு 'புத்தம் புதிய பொலிவில்' என்று அட்டையில் போட்டு ப்ளூ-ரே வந்ததும் ஓடிப்போய் மூன்றாம் தடவையும் வாங்கினேன். போட்டுப் பார்த்தால் ஆடுகிறவளுக்குப் பாதமே இல்லை! அந்தக் காலத்துப் படம் ஏறக்குறைய சதுரமாக இருக்கும், அகலம் 1.37 என்றால் உயரம் 1. இன்றைய டிவி அகலமானது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டால் வாங்குகிறவர் முகம் சுளிப்பாரே என்று மேலேயும் கீழேயும் வெட்டி எறிந்து திரையை நிரப்பியிருந்தார்கள். ஜதிக்கு ஜதி சலங்கைச் சத்தம் கேட்கிறது, காலைக் காணோம். அன்றிலிருந்து எந்த டிஸ்க்கை எடுத்தாலும் முதலில் பின்னட்டையில் விகிதத்தைத்தான் பார்க்கிறேன்.

இரண்டாவதாகப் பார்ப்பது, எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதை. டிவிடியில் ஒரு ஃபிரேமுக்கு 4 லட்சம் புள்ளி, ப்ளூ-ரேயில் 20 லட்சம், 4கே டிஸ்க்கில் 83 லட்சம் என்று கணக்குச் சொல்லி மயக்குவார்கள். கணக்கு சரிதான். ஆனால் கேமராவுக்குள் ஓடிய நெகட்டிவிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து இன்னொரு நெகட்டிவ், அதிலிருந்து தியேட்டர் பிரிண்ட் என்று நகலுக்கு நகல் போய்க்கொண்டே இருந்த காலம் அது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் என்ன ஆகும்? கடைசி நகலை 83 லட்சம் புள்ளியில் ஸ்கேன் செய்தால் அதன் கறையும் கீறலும்தான் துல்லியமாகத் தெரியும். 'மூல நெகட்டிவிலிருந்து புதிய ஸ்கேன்' என்று எழுதியிருந்தால் அந்தப் பெட்டிக்கு மதிப்பு உண்டு. 'டிஜிட்டல் ரீமாஸ்டர்' என்று மட்டும் மொட்டையாக இருந்தால், பத்து வருஷத்துக்கு முந்தைய அதே ஸ்கேனுக்குப் புதுச் சட்டை மாட்டியிருக்கலாம். இரும்புப் பெட்டியும் சின்னப் புத்தகமும் நானூறு புகைப்படங்களும் சேர்த்துக் கொடுத்தாலும் உள்ளே இருப்பது அதேதான்.

இன்னொரு முரண்பாடு. 1950-களில் 35 எம்எம் ஃபிலிமில் எடுத்த படத்துக்கு 4கே டிஸ்க் செய்தால் உண்மையிலேயே புது விவரம் கிடைக்கும். அந்த நெகட்டிவில் அவ்வளவு இருக்கிறது. 2000-களில் வந்த எத்தனையோ படங்களை 2கே அளவில் (ஏறக்குறைய ப்ளூ-ரே அளவுதான்) கம்ப்யூட்டரில் முடித்துவிட்டார்கள். அவற்றின் 4கே டிஸ்க் பெரும்பாலும் இழுத்துப் பெரிதாக்கியதுதான். பாட்டியின் புடவைதான் பேத்தியின் புடவையைவிட நெசவு கெட்டி என்று வைத்துக்கொள். உன் பட்டியலில் கடைசியாக இருக்கும் இரண்டும் அந்தக் காலகட்டம். அவற்றை அடித்துவிடு.

பிள்ளையின் புது டிவியில் பழைய படம் சீரியல் மாதிரி தெரிந்தது என்று எழுதியிருந்தாயே, அது டிஸ்க் செய்த குற்றமில்லை. வினாடிக்கு 24 ஃபிரேம் உள்ள படத்துக்கு நடுநடுவே டிவி தானாக ஃபிரேம்களைக் கற்பனை செய்து நுழைக்கிறது. செட்டிங்கில் பெரும்பாலும் 'மோஷன்' என்ற சொல் வரும் ஒன்று இருக்கும், அதை அணைக்கச் சொல். கூர்மையையும் குறைக்கச் சொல்.

மணல்மணலாக இருக்கிறது என்றாயே, அதை மட்டும் தொடாதே! ஃபிலிம் என்பதே அந்த மணல்தான். வெள்ளி உப்பின் துகள்தான் முகத்தை வரைகிறது. அதைக் குறை என்று நினைத்து மென்பொருள் கொண்டு துடைத்தால் கூடவே தோலின் துளையும் துணியின் இழையும் போய்விடும். 2010-ல் 'பிரிடேட்டர்' ப்ளூ-ரே மறுபடி வந்தபோது இப்படித்தான் ஆயிற்று. காட்டுக்குள் வியர்த்து விறுவிறுத்துத் திரியும் மனிதர்கள் மெழுகுப் பொம்மையாகிவிட்டார்கள். அதற்கு முன் வந்த சுமாரான டிஸ்க்கே தேவலை என்று வாங்கியவர்கள் திரும்பிப் போனார்கள். புதிது பழையதைவிட மோசமாகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கீறல் வேறு, அழுக்கு வேறு, மணல் வேறு. முதல் இரண்டும் காலம் போட்டது. மூன்றாவது ஒளிப்பதிவாளர் அறிந்தே போட்டது.

நிறத்தின் கதை இன்னும் சிக்கல். இங்கேதான் என் கண் வருகிறது. ஓய்வில் இருந்தபோது ஒரே வண்ணப் படத்தின் பழைய டிவிடியையும் புதிய ப்ளூ-ரேயையும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தேன். (என் மருமகள் கதவோரம் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.) நாலு விதமான படம் தெரிந்தது! புது டிஸ்க்கை இடது கண்ணால் பார்த்தபோதுதான் 'ஆ, தியேட்டரில் பார்த்தது இதுதான்' என்று தோன்றிற்று. அதாவது, மஞ்சளடித்த கண்ணைத்தான் என் நினைவு நம்புகிறது.

சரி, தியேட்டரில் பார்த்தது மட்டும் என்ன நிச்சயம்? ஈஸ்ட்மேன்கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம்தான் முதலில் வெளிறும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு. நாம் மாணவர் காலத்தில் பார்த்த படங்களில் பாதி, பகல் காட்சியிலும் அந்தி மாதிரி சிவந்து கிடந்தது அதனால்தான். நாம் அதைக் கலை என்று நினைத்து விவாதித்தோம்.

எடுத்தவர்களுக்குள்ளேயே சண்டை வந்த கதை உண்டு. 'தி ஃபிரெஞ்ச் கனெக்‌ஷன்' 1971-ல் வந்த படம். 2009-ல் ப்ளூ-ரே செய்தபோது இயக்குநர் வில்லியம் ஃபிரீட்கின் தானே உட்கார்ந்து நிறத்தை வெளிறச் செய்து வேறு மாதிரி ஆக்கினார். ஒளிப்பதிவாளர் ஓவன் ராய்ஸ்மனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை, வெளிப்படையாகவே கண்டித்தார். 2012-ல் இருவரும் ஒத்துக்கொண்ட நிறத்தில் மறுபடியும் டிஸ்க் போட்டார்கள். 2009-ல் வாங்கியவன் நிலையை நினைத்துப் பார். 'இயக்குநர் ஒப்புதலுடன்' என்ற வரியைப் பார்த்ததும் நான் கையெடுத்துக் கும்பிடாததற்கு இதுதான் காரணம். முப்பது வருஷம் கழித்துத் தன் படத்தைத் திருத்துகிறவரும் ஒருவகையில் வெளியாள்தான். 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களைக் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். 1977-ல் தியேட்டரில் ஓடிய வடிவத்தை 2006-ல் ஒரு கூடுதல் டிஸ்க்காக வேண்டாவெறுப்பாகக் கொடுத்தார்கள், அதுவும் 1993-ல் லேசர்டிஸ்க்குக்கு (டிவிடிக்கு முந்தைய பெரிய தட்டு) செய்த பழைய மாஸ்டரிலிருந்து.

நேர்மையாகச் செய்தால் குறை தெரிந்தாலும் அழகுதான். 'மெட்ரோபோலிஸ்' என்ற பழைய ஜெர்மன் மௌனப் படத்தில் காணாமல் போயிருந்த பகுதிகள் 2008-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு 16 எம்எம் நகலில் கிடைத்தன. ஏறக்குறைய 25 நிமிடம். கீறலோ கீறல், சட்டகமும் அளவில் சிறியது. 2010 பதிப்பில் அதை அப்படியே சேர்த்தார்கள். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கீறல் விழுந்து சுருங்கும். எண்பது வருஷம் தொலைந்து கிடந்த துண்டு இதுதான் என்று அந்தக் கீறலே சொல்லிவிடும். அதை நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

உன் காதுக்காக ஒன்று. பழைய பால் (PAL) என்ற டிவி முறைக்குச் செய்த டிவிடிகளில் 24 ஃபிரேமை 25 ஆக ஓட்டினார்கள். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்துவிடும். பாட்டும் பேச்சும் ஒரு ஸ்வரஸ்தானத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருதி ஏறியிருக்கும். நாற்பது வருஷம் வீணை சொல்லிக்கொடுத்தவள் நீ, 'இந்த டிஸ்க்கில் பாடகி அவசரப்படுகிறாள்' என்று ஒரு தடவை சொன்னாய், நினைவிருக்கிறதா? நான் சிரித்தேன். நீ சொன்னது சரி. ப்ளூ-ரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை கிடையாது.

ஓடிடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தடவை பார்த்து மறந்துவிடும் படத்துக்கு அது போதும். ஆனால் உரிமம் முடிந்ததும் படம் எழுந்து போய்விடும், சொல்லிக்கொண்டுகூடப் போகாது. அதிலும் 4கே என்பது வினாடிக்கு 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் அமுக்கியது. டிஸ்க்கில் 100-ஐக்கூடத் தாண்டும். அமுக்கும்போது முதலில் சாவது நான் மேலே சொன்ன மணல்தான்.

வீடு மாறியபோது என் அலமாரியில் பாதியைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தேனே. எதை வைத்துக்கொண்டேன் என்று எண்ணிப் பார்த்தால், படம் நன்றாக இருந்ததற்காக வைத்தது கொஞ்சம். யாரோ ஒருவர் கூட உட்கார்ந்து பேசுகிறாரே, அந்த விளக்க ஒலித்தடத்துக்காக வைத்ததுதான் அதிகம். 1984-ல் 'கிங் காங்' லேசர்டிஸ்க்கில் ரொனால்ட் ஹேவர் என்பவர் தொடங்கி வைத்த வழக்கம் அது. ராத்திரி தூக்கம் வராதபோது, நன்கு தெரிந்த படத்தின் மேல் ஒரு விஷயம் தெரிந்தவர் மெல்லிய குரலில் பேசுவதைப் போட்டுக்கொண்டு படுப்பேன். ஓடிடியில் பெரும்பாலும் இது வருவதில்லை.

ஆகவே உன் பட்டியலில் அபு பெட்டி சரி. கடைசி இரண்டு வேண்டாம். நடுவில் இருக்கும் மூன்றில் இரண்டு என்னிடமே இருக்கின்றன, அனுப்புகிறேன். பார்த்துவிட்டு மறுபடி பார்க்கத் தோன்றினால் மட்டும் வாங்கு. மிச்சம் ஒன்று வெளிநாட்டுப் பதிப்பு. அதன் மண்டலக் குறியீடு (எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்பது) ஏயா, பியா, சியா என்று பார்த்து, உன் பிளேயர் எதை ஏற்கிறது என்று பிள்ளையைக் கேட்டுவிட்டுப் பணம் கொடு. 4கே டிஸ்க்காக இருந்தால் மண்டலத் தொல்லை இல்லை, ஆனால் அதற்குத் தனிப் பிளேயர் வேண்டும்.

பழைய அபு டிவிடியை யாருக்கும் கொடுத்துவிடாதே. அடுத்த மாதம் இடது கண்ணுக்கும் அறுவை என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதற்கு முன் உன் வீட்டுக்கு வருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும், இந்த மஞ்சள் கண் இருக்கும்போதே.

முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாயா, இல்லை பெண்களைக் கீழே வரச்சொல்லிப் பாடம் நடக்கிறதா? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீ.

உன்,
வசந்தா