இரண்டாம் பருவ நிறைவும் எட்டாம் வகுப்பின் தீவுப் பயணமும்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடியப் போகிறது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாம் சிறப்பாக நடந்தன. பரிசு வாங்கியவர்களுக்கும் கலந்துகொண்டவர்களுக்கும் வாழ்த்துகள். தேர்வு முடிவுகளும் மனநிறைவாக இருக்கின்றன. நூலகப் புத்தகங்கள் சில வீடுகளிலேயே குடியிருக்கின்றன. விடுமுறைக்கு முன் அனுப்பிவிடுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பின் தீவுப் பயணம்.

அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குத் துறைமுகத்தின் பயணிகள் முனையத்தில் கூடுகிறோம். கப்பல் 8 மணிக்குப் புறப்படும். விடியும்போது தீவில் இருப்போம். சனிக்கிழமை பகல் முழுவதும் அங்கே. அன்றிரவே கப்பலேறி ஞாயிறு காலை திரும்பிவிடுவோம். எட்டு மணிக் கப்பலுக்கு ஐந்து மணிக்கே எதற்கு என்று சிலர் கேட்டீர்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, ஆள் ஏற்றுவதை நிறுத்தும் நேரம் வேறு. ஏறும் வழியை மூடிவிட்டால் அப்புறம் கரையில் நின்று கையசைக்கலாம், அவ்வளவுதான்.

கேபின்களைக் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேட்டு வாங்கியிருக்கிறோம். ஜன்னல் இல்லையே என்று பிள்ளைகளுக்கு வருத்தம். ஏற்றப்பலகையில் இரண்டு முனைகளும் ஏறி இறங்கும்போது நடுவில் உட்கார்ந்தவர் அதிகம் ஆடமாட்டார் அல்லவா, அதே கணக்குதான் இங்கேயும். மேல்தளத்தைவிடக் கீழே பக்கவாட்டு ஆட்டமும் குறைவு. இரவில் ஜன்னல் வழியே தெரியப்போவது இருட்டு மட்டும்தான். குமட்டலுக்கு மாத்திரை கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டு, கப்பலேறுவதற்கு முன்பே கொடுங்கள். வாந்தி தொடங்கிய பிறகு மாத்திரை வயிற்றில் தங்காது.

இனி, இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கான காரணம். பயணப் படிவம்.

படிவம் கொடுத்து மூன்று வாரம் ஆகிறது. பாதிக்கும் மேல் வந்துவிட்டது, நன்றி. ஆனால் போன வெள்ளிக்கிழமை மாலை வகுப்பாசிரியரும் நானும் அலுவலக மேசையில் அவற்றைப் பரப்பி வைத்துப் பார்த்தபோது, கையெழுத்து எல்லாவற்றிலும் இருந்தது, விவரம் பலவற்றில் இல்லை. எடை, உயரம் கேட்ட கட்டங்கள் காலி. பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி. அவசரத் தொடர்புக்கு இரண்டு எண் கேட்டால், அப்பாவின் எண்ணே இரண்டு முறை. ஒரு படிவத்தில் 'மருத்துவப் பிரச்சினை' என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அந்தப் பிள்ளையின் புத்தகப்பையின் பக்கவாட்டுப் பையில், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால், நீலநிற இன்ஹேலர் இருப்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும்.

குறை சொல்வதற்காக எழுதவில்லை. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பிள்ளை நீட்டும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புவது எப்படி என்று எனக்கும் தெரியும், நானும் பெற்றோர்தான். நோயைச் சொன்னால் பிள்ளையைக் கூட்டிப்போக மாட்டார்களோ என்ற பயமும் புரிகிறது. அப்படிச் செய்யமாட்டோம். தெரிந்தால் அந்தப் பிள்ளைக்குக் கீழ் பெர்த்தும், ஆசிரியர் கேபினுக்கு அடுத்த கேபினும் கொடுப்போம். தெரியாவிட்டால் நடுக்கடலில், இரவு இரண்டு மணிக்குத்தான் தெரிந்துகொள்வோம்.

எதற்கு இத்தனை கட்டங்கள் என்று கேட்டவர்களுக்கு: இவை நாங்களாகக் கண்டுபிடித்தவை அல்ல. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் உருவானது 'சோலாஸ்' என்னும் சர்வதேசக் கடற்பாதுகாப்பு உடன்படிக்கை. இப்போது நடப்பில் இருப்பது 1974-ன் வடிவம். பயணிகள் கப்பல் கிளம்பும் முன் உள்ளே இருப்பவர்கள் அத்தனை பேரையும் எண்ணியாக வேண்டும், தேடல், மீட்பு வேலைக்காகப் பெயர்களைப் பதிந்துகொள்ள வேண்டும், தனிக் கவனிப்பு தேவைப்படுபவர்கள் யார் என்று கேப்டனுக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. எடை கேட்பதும் அப்படித்தான். லைஃப் ஜாக்கெட்டில் சிறுவர் அளவு 43 கிலோவுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, அதற்கு மேல் பெரியவர் அளவு. எட்டாம் வகுப்பில் பாதிப்பேர் அந்தக் கோட்டை ஒட்டித்தான் நிற்கிறார்கள். பெரிய ஜாக்கெட்டைச் சின்ன உடம்பில் மாட்டினால் தண்ணீரில் அது மேலே நழுவும், பிள்ளை கீழே நழுவும். எடையை எழுத வெட்கப்படும் பிள்ளைகள் தாளை மடித்து உறையில் போட்டுக் கொடுக்கட்டும். வகுப்பில் யாரும் வாசிக்கமாட்டார்கள்.

ஆகவே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வரும் புதன்கிழமை மாலை 4 மணிக்குப் பட்டியல் கப்பல் அலுவலகத்துக்குப் போகிறது. முழுமையான படிவம் வராத மாணவர் பயணத்தில் இல்லை. அதன் பிறகு பெயர் சேர்ப்பதோ, 'அண்ணனுக்குப் பதில் தம்பி வருகிறான்' என்று துறைமுக வாசலில் மாற்றுவதோ முடியாது. சிரிக்க வேண்டாம், போன முறை உண்மையிலேயே நடந்தது. யார் வந்து கேட்டாலும், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், பதில் இதுதான்.

கைபேசி பற்றி ஒரு வார்த்தை. கரையை விட்டு விலகியதும் டவர் போய்விடும். சில கப்பல்களில் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலுக்கென்றே ஒரு நெட்வொர்க் உண்டு. போன் தானாக அதைப் பிடித்துக்கொண்டால் ரோமிங் கட்டணம் எகிறிவிடும். எனவே எல்லா போன்களும் ஏர்பிளேன் மோடில் இருக்கும். இரவு முழுக்க அழைத்துப் பார்த்துக் கலங்க வேண்டாம். தீவில் இறங்கியதும் வகுப்பாசிரியர் செய்தி அனுப்புவார்.

வியாழக்கிழமை கடைசி வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். கப்பலின் அபாய அறிவிப்பு, ஏழு குறுகிய ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அதையே பள்ளி மணியில் அடிக்கப்போகிறோம். பள்ளிக்கு அருகில் குடியிருப்பவர்கள் பயந்து ஓடிவர வேண்டாம்.

பயணத்துக்காகத் தன் விடுமுறை நாட்களை ஒதுக்கி உடன்வரும் நான்கு பெற்றோருக்கும், முதல் நாளே ஒரு கட்டம் விடாமல் நிரப்பிக் கொடுத்தவர்களுக்கும், இதைப் படித்ததும் பையிலிருந்து படிவத்தைத் தேடி எடுக்கப்போகிறவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் நம்பிக்கை இல்லாமல் இத்தனை பிள்ளைகளை ஓர் இரவு கடலில் கூட்டிப்போகும் துணிச்சல் எங்களுக்கு வராது. படிவம் தொலைந்திருந்தால் அலுவலகத்தில் நகல்கள் இருக்கின்றன. காலை 9 மணிமுதல் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்