டிவி ரெய்டருக்கு, பிடித்தவனுக்குச் சின்னக் கோப்பையா?

மதிப்பிற்குரிய மின்னொளி கபடி விழாக்குழுவினருக்கு,

வணக்கம். பொங்கல் போட்டியின் இறுதியாட்டம் எப்படி முடிந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். கடைசி ரெய்டு. எங்கள் பக்கம் மூன்றே பேர், ஒரு புள்ளி பின்னடைவு. 'கபடி கபடி' என்று பாடி வந்த எதிரணி ரெய்டர், தாண்டியே ஆக வேண்டிய பாக் லைனைத் தாண்டிவிட்டுத் திரும்பினாலே கோப்பை அவர்களுக்கு. இடது ஓரத்தில் நிற்கும் எங்கள் பிடி வீரன், லெஃப்ட் கார்னர், பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். திமிறிய குதிகால் அவன் வாயிலேயே இறங்கியது. பிடி விடவில்லை. கார்னருக்கு உள்பக்கம், கவரில் நின்ற இருவரும் மேலே விழுந்து அமுக்கினார்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவோ நின்று பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி; கோப்பை எங்களுக்கு.

பிறகு மேடை. சிறந்த ரெய்டருக்கு எல்இடி டிவி, சிறப்பு விருந்தினர் கையால், பட்டாசோடு. அவர் நன்றாகத்தான் ஆடினார், அதில் எங்களுக்கு வருத்தமில்லை. விருந்தினர்கள் கார் ஏறிப் போன பிறகு, 'சிறந்த பிடி'க்கு ஒரு சாண் உயரக் கோப்பை. மைக்கில் அண்ணன் கேட்டார்: “தம்பி, பேரு என்ன?” உதடு கிழிந்து, வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு நின்றவன் எப்படிப் பதில் சொல்வான்? எதிரணி ரெய்டருக்கு மட்டும் அதே மைக்கில் இரவு முழுக்க ஒரு பட்டப்பெயர் ஓடிக்கொண்டிருந்தது. இவன் செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவன். தையல் போட்ட செலவும் போன கூலியும் அவன் கணக்கு.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். சிறந்த ரெய்டருக்கு என்ன பரிசோ, அதே மதிப்பில் சிறந்த பிடி வீரருக்கும் கொடுங்கள். அதே மேடையில், அதே நேரத்தில்.

ரெய்டரைப் பார்க்கத்தானே கூட்டம் வருகிறது என்பீர்கள். புரோ கபடி ஏலத்தில் முதன்முதலாக 1 கோடியைத் தொட்டவர் யார்? 2018-இல் ஈரானின் ஃபசல் அத்ராச்சலி, லெஃப்ட் கார்னர். 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்த நம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன், ரைட் கார்னர். 2022-இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடி கொடுத்து ரெய்டர் பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே காயம்பட்டு அவர் வெளியேறினார். அந்த ஆண்டுதான் அணி முதன்முறையாக அரையிறுதி வரை போனது. நரேந்தர் என்ற புது ரெய்டர் புள்ளிகளைக் குவித்தது உண்மை. ஆனால் கேப்டனாக நின்று தாங்கிய சாகர் கார்னர்க்காரர்தானே?

பிடியிலும் ஒரு சங்கடம் உண்டு. கைகோத்துச் சங்கிலி போட்டு இரண்டு பேர் மடக்கினாலும் ஸ்கோர் ஷீட்டில் புள்ளி ஒருவன் பெயரில்தான் ஏறும். கூட நின்றவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எங்கள் ஊர்ப் பையன்களைப் பயிற்சிக்கு நிறுத்தினால் எல்லாரும் பாடிப் போகத்தான் வரிசையில் நிற்கிறார்கள்; கார்னருக்கு ஆள் பிடிப்பதே எங்களுக்குப் பெரும்பாடு. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வாயில் உதை வாங்கினால் சின்னக் கோப்பை, தொட்டுவிட்டு ஓடி வந்தால் டிவி. இந்தக் கணக்கு யாருக்குத்தான் புரியாது? களத்தில் கால் வைக்காதவர்கள் முகமெல்லாம் ஃப்ளெக்ஸில் ஆளுயரத்துக்கு நிற்கும்போது, பிடித்தவன் பெயரையாவது முன்கூட்டி ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வசூலுக்கு நீங்கள் வீடு வீடாக அலைவது எங்களுக்குத் தெரியும். கூடுதல் பணம் கேட்கவில்லை. டிவிக்கு ஆகும் தொகையை இரண்டாகப் பிரித்து ரெய்டருக்கு ஒன்று, பிடி வீரருக்கு ஒன்று என்று அறிவித்தாலே போதும். பற்றாவிட்டால் எங்கள் குழுவும் ஒரு பங்கு தருகிறது. அடுத்த போட்டி நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் 'சிறந்த பிடி வீரர்' என்ற வரியையும் அதன் பரிசையும் 'சிறந்த ரெய்டர்' வரிக்குப் பக்கத்திலேயே சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழுவின் பழைய ரைட் கவர்