கல்லும் மண்ணும் குடுத்தவங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன ஞாயித்துக்கிழமை சேலத்துல நம்ம நிகழ்ச்சி நல்லபடியா முடிஞ்சுது. 6 ஓவியம், 22 நிமிஷ இசை, ரெண்டுமே சேர்வராயன் மலையிலயும் சேலத்தச் சுத்தியும் கெடைக்கிற கல்லு, மண்ணு, மூங்கில வச்சே பண்ணது. மேடையில நன்றி சொல்ல ஆரம்பிச்சப்பவே தொண்ட அடைச்சுக்கிச்சு, பாதியில உக்காந்துட்டேன், அதான் இங்க எழுதறேன். பேர் போட வேணாம்னு நெறைய பேர் சொல்லிட்டீங்க, அதனால பேர் இல்லாமயே.

மொதல்ல தாரமங்கலம் பக்கத்துல அம்மி கொத்துற ஐயாவுக்கு. ஏற்காட்டுல ஒரு காப்பித் தோட்டத்துல வேலி நட தோண்டுனப்ப வந்த பலகைக் கல்லுங்கள அங்க வேல செய்யற அக்கா எனக்காக எடுத்து வச்சிருந்தாங்க (அக்கா, உங்களுக்கும் சேத்துத்தான்). சார்னோகைட்னு ஒரு கெட்டியான பாற, அந்த மலையே பெரும்பாலும் இதுதான். நான் கையில புடிச்சு தட்டுனா டொக்குனு சத்தம் அங்கயே செத்துப்போகும், ஒரு மாசம் இப்படியே. ஐயாகிட்ட கொண்டு போனேன், அவர் ஒண்ணுமே பேசாம ரெண்டு வைக்கோல் பிரி திரிச்சாரு, கல்லோட ரெண்டு முனையில இருந்தும் கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா அளந்து அந்தப் பிரி மேல கல்லக் கெடத்தி, மரக்கட்டையால நடுவுல லேசா ஒரு தட்டு. கணீர்னுச்சு. கோயில் மணி அடிச்சு ஓயற மாதிரி அவ்வளவு நேரம் நின்னுச்சு. அந்த ரெண்டு எடமும் கல்லு அதிர்றப்ப ஆடாத எடமாம், அங்க தாங்குனா சத்தம் சாகாது. சிலைக்குக் கல்லு எடுக்கறவங்க சத்தத்த வச்சுத்தான் ஆண் கல்லு பெண் கல்லுனு பிரிப்பாங்கன்னு அன்னைக்குத்தான் சொன்னாரு. முனைய கொத்திக் கொறச்சா சுருதி ஏறும், நடுவுல அடியில தேச்சு மெலிச்சா எறங்கும். அப்படியே 11 நாள் என்கூட உக்காந்து அஞ்சு கல்லு ஆக்கிக் குடுத்தாரு, அஞ்சு சுரம் இருக்கற மோகன ராகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துடுச்சு, காந்தாரம்ங்கற 'க' சுரம் மட்டும் ஒரு இழை கம்மி. எங்க வாய்ப்பாட்டு டீச்சர் அத மாத்தவே விடல, "மத்தவங்கல்லாம் அந்தக் கல்லுக்கு சேத்து பாடுங்க"ன்னுட்டாங்க. கூலி வாங்க மாட்டேன்னுட்டீங்க ஐயா, நான் மறக்க மாட்டேன்.

அடுத்து மிருதங்கம் பழுது பாக்கற அண்ணன். கறுப்பு கலர் எனக்கு நிக்கவே இல்ல, காஞ்சா உதிர்ந்துரும். அண்ணன் கடையில வலந்தலைக்கு, அதான் மிருதங்கத்தோட வலது பக்கத் தோலுக்கு, கரணைங்கற கறுப்பு வட்டம் வைக்கறத பக்கத்துல உக்காந்து பாத்தேன். கிட்டான்னு சொல்ற இரும்பு கலந்த கல்லுப் பொடியும் சோறும் சேத்து அரைச்சு, கொஞ்சூண்டு வச்சு, வழவழன்னு ஒரு கல்லால தேய்தேய்னு தேச்சு, அது இறுகுனப்பறம் அடுத்தது. கல்லத்தான் பூசறாங்க, அதுல இருந்துதான் நாதமே வருது! கல்லப் பூசறதும் கல்லுல நாதம் எடுக்கறதும் நான் ரெண்டு வேலன்னு நெனச்சு திண்டாடிட்டு இருந்தத அவர் தெனமும் ஒரே வேலையா செஞ்சுட்டு இருக்காரு. சேலம் பக்கத்துல இருக்கற கஞ்சமலை அடிவாரத்து ஓடை மணல்ல காந்தத்த பாலிதீன் கவர்ல சுத்தி இழுத்து சேத்த இரும்புத் தாதுப் பொடிய, அவர் சொன்ன மாதிரியே சோத்துல அரைச்சு, மெல்லிசா மெல்லிசா ஏத்தித் தேச்சேன். நாலாவது படத்துல இருக்கற கறுப்பு அதுதான், நகத்தால கீறினாலும் வராது.

வெள்ளைக்கு மேக்னசைட் கல்லுத் தூள் குடுத்த லாரிக்கார அண்ணனுக்கு, பசைக்கு மரவள்ளி மாவு ஒரு மூட்டையே எறக்கிட்டுப் போன ஜவ்வரிசி ஆலை மாமாவுக்கு, மலை உச்சி பாக்சைட் செம்மண்ண மூணு தடவ வடிகட்டித் தந்த எங்கம்மாவுக்கு, மூங்கில் குழாய்க்குள்ள போட தோல் நீக்காத காப்பிக்கொட்டை காயவச்சுத் தந்த பாட்டிக்கு (மழைச் சத்தம்னு எல்லாரும் கேட்டீங்களே, அது அதுதான்), செவ்வாய்ப்பேட்டை பட்டறையில கொலுசு முத்த எடை போட்டு கடனாத் தந்த அக்காவுக்கு ரொம்ப ரொம்ப நன்றி. ஒரு எடத்துல மண்ணு பூசுறதெல்லாம் ஓவியமான்னு கேட்டு திருப்பி அனுப்புனாங்க, அன்னைக்கு சாயங்காலமே கல்யாண மண்டபத்த வாடகை இல்லாம தொறந்து விட்ட அப்பாவோட நண்பருக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.

படம் ஆறும் எங்க வீட்டுத் திண்ணை ரூம்லதான் இருக்கு, அஞ்சு கல்லும் வைக்கோல் பிரி மேலயே இருக்கு, யார் வேணா வந்து தட்டிப் பாக்கலாம். ரெண்டாவது படத்துல இருக்கற மஞ்சள் மட்டும் அசல் மஞ்சக்கெழங்கு, வெளிச்சம் பட்டா வெளுத்துரும், அதனால ஜன்னல சாத்தி வச்சிருக்கேன், அது போறதுக்குள்ள வந்துடுங்க.